பேரே வெந்நீர்

காப்பியை விட்டு நாற்பத்திரண்டு நாளாச்சு என்றார்
தான் ஸோ. வீட்டில் தண்டாயுதம்.
விரதம்போல விரல்விட்டு எண்ணியிருக்கிறார்.
"அப்பவும் தூக்கம் வரலை. மாத்திரை கொடும்மா."

மோல்மேனில் ஐந்தாம் நாளாக மழை.
கடைக் கதவு ஊறிப் பருத்து
தோள்கொடுத்துத் தள்ளினால்தான் மூடும்.
சீட்டில்லாமல் தூக்கமாத்திரை தருவதில்லை நான்.
சிலருக்குத் தந்திருக்கிறேன், அதை விடுங்கள்.

வேறென்ன குடிக்கிறீர்கள்?
ஒன்றுமில்லை. வெந்நீர்.
எந்த வெந்நீர்?
டீக்கடை மேசையில் சும்மா வைக்கிறானே, அது.

யேநுவேஜான்.
பர்மியில் பேரே வெந்நீர்.
உள்ளே கிடப்பது தேயிலை, பச்சையாக.
ஃபிளாஸ்க் காலியானால் பையன் நிரப்பிவிட்டுப் போவான்,
காசு கேட்கமாட்டான்.
காசில்லாததை யார் கணக்கில் எழுதுகிறார்கள்.

ராத்திரி?
சாப்பிட்டதும் ஒரு வாய் லப்பெ.
அது குடிக்கிறதில்லையே, தின்கிறதுதானே.

பொரித்த பூண்டும் கடலையும் எள்ளும் தூவி
புளித்த தேயிலையை இலையோடு மெல்லுகிற ஊர்.
பரீட்சை ராத்திரிகளில்
விழித்திருக்க இதைத்தான் தின்றோம்,
வேதியியலில் நான் தேறியது பாதி அதனால்.
ஆனாலும் கேட்டால் பலகாரம் என்போம்.
பல் பட்டதும் கஃபீன் செத்துவிடும்போல.

இந்த மேசைக்குப் பின்னால் பத்தொன்பது வருஷம்.
பால் ஊற்றினால் வேகம் போயிடும் என்பார்கள்.
கருகக் கருக வறுத்தால்தான் ஆளைத் தூக்கும் என்பார்கள்,
கரியின் கசப்பை வீரியம் என்று நம்பி.
குடித்துவிட்டு வந்த மருமகனுக்குக்
கடுங்காப்பி கொடுத்தாள் எதிர்வீட்டு மங்களேஸ்வரி.
படுத்திருக்க வேண்டியவன்
விழித்துக்கொண்டு அதே குடியோடு
மோட்டார் சைக்கிள் சாவியைத் தேடினான்.

தண்டாயுதத்துக்கு இப்படிச் சொன்னேன்:
டீக்கடைக் குட்டி முக்காலி தெரியுமில்லையா,
களைப்பு வந்து உட்காருகிற இடம் அதுபோல ஒன்று
தலைக்குள் இருக்கிறது.
கஃபீன் முந்திப்போய் அதில் உட்கார்ந்துகொள்கிறது.
அவ்வளவுதான் அதன் வேலை.
தெம்பு என்று அது எதையும் கொண்டுவருவதில்லை.
களைப்பு எங்கும் போவதுமில்லை,
குடையை மடக்கி வாசலில் நிற்கிறது.
மத்தியானம் குடித்ததே
ராத்திரியும் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருக்கும்.

சிரித்தார். "நம்ம கடைக்கு வர்ற ஆளுங்க மாதிரி."

மத்தியானத்துக்குமேல் மூன்றும் வேண்டாம் என்றேன்.
காப்பி, வெந்நீர், பலகாரம்.

பதினோராம் நாள் வந்தார்.
மூன்று நாள் தலைவலி மண்டையைப் பிளந்ததாம், பிறகு விட்டதாம்.
தூக்கம்?
பன்னிரண்டு வரைக்கும் நல்லாத் தூங்கறேன்.
அப்புறம்?
போனை எடுத்து மேசைமேல் வைத்தார், திரையில் விரிசல்.
மகாச்சாயில் மீன் ஆலை. மகன்.
ஷிஃப்ட் முடிந்ததும் கூப்பிடுவான்,
அங்கே மணி நமக்கு அரைமணி முன்னால்.
லைன் கிடைத்தால்.

கிடைக்காத ராத்திரி என்ன செய்வீர்கள் என்று
நான் கேட்டிருக்கக் கூடாது.
மழையைப் பார்த்தபடி நின்றார்.

இத்தனை நாளும் பாவம் தேயிலை
யாருடைய பழியையோ சுமந்திருக்கிறது.
கொஞ்சம் அதுவும்தான். எவ்வளவு கொஞ்சம் என்று
என் தராசில் நிறுக்க முடியாது.

தொங்கிய சரத்திலிருந்து ஒரு காப்பிமிக்ஸ் கிழித்தார்.
நான் தடுக்கவில்லை. சில்லறை கொடுத்தேன்.

எட்டுக்கு மின்சாரம் போனது.
கதவைத் தோளால் தள்ளி மூடினேன்.
என் ஃபிளாஸ்கில் அரைக் கோப்பை மிச்சம்,
ஊறிக் கறுத்து.
நான் பத்து வருஷமாகச் சரியாகத் தூங்குவதில்லை,
அதற்கு ஆயிரம் காரணம்.
இது ஒன்றும் செய்யாது எனக்கு.
பேரே வெந்நீர்.